தேவாங்கும் கானமயிலும்: ஒரே அட்டவணை, வேறு வேறு கணக்கு

மரத்தில் வாழும் சிறு இரவு விலங்கான தேவாங்கு, புல்வெளியில் வாழும் பெரும் பறவையான கானமயில் இரண்டும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கின்றன. அப்படியானால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தில் இருக்கின்றனவா, வகைப்பாட்டில் அவை எந்த இடத்தில் பிரிகின்றன, கானமயிலைக் காப்பிடத்தில் வளர்த்துப் பெருக்குவதுபோலத் தேவாங்கையும் பெருக்கலாமே என்பது கேள்வி. இரண்டும் ஒரே அளவு ஆபத்தில் இல்லை. அவற்றைக் காக்கும் வழிகளும் ஒன்றல்ல. சில இடங்களில் ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு நஞ்சாகவே முடியும். இதற்கான காரணங்களில் ஒரு பகுதி அவற்றின் வகைப்பாட்டிலேயே கிடைக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குவதே முறை.

விலங்குலகம், முதுகுநாணிகள் தொகுதி என்ற அளவுக்கு மட்டுமே இரண்டும் ஒன்றாக வருகின்றன. அதற்கு அடுத்த படியான வகுப்பிலேயே பிரிந்துவிடுகின்றன: தேவாங்கு பாலூட்டி, கானமயில் பறவை. பாலூட்டிகளுக்கு இட்டுச்சென்ற கால்வழியும், ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இட்டுச்சென்ற கால்வழியும் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. ஆகவே இவ்விரண்டையும் உறவு முறையில் ஒப்பிடுவதால் பெரிய பயன் ஏதுமில்லை. ஒவ்வொன்றும் தன் வகுப்புக்குள் எந்த இடத்தில் நிற்கிறது, அந்த இடம் எப்படி மாறி வந்தது, அந்த மாற்றம் பாதுகாப்பை எப்படிப் பாதித்தது என்பதே பார்க்கத் தக்கது.

தேவாங்கு, நாமும் குரங்குகளும் அடங்கிய பிரைமேட்டு வரிசையைச் சேர்ந்தது. ஆனால் குரங்கு அன்று. பிரைமேட்டுகளில் மூக்கின் முனை ஈரமாக இருக்கும் கிளை ஒன்று உண்டு. மடகாஸ்கரின் லெமூர்களும், ஆப்பிரிக்காவின் கலாகோக்களும் போட்டோக்களும், ஆசியாவின் தேவாங்குகளும் அக்கிளையில் அடங்குகின்றன. உடலைக் கூர்ந்து பார்த்தால் இந்த உறவு வெளிப்படையாகத் தெரியும். கீழ்த்தாடையின் முன்பற்கள் நெருக்கமாக முன்னோக்கிச் சாய்ந்து, மயிரைக் கோதிச் சீராக்க உதவும் சீப்புப் போல அமைந்திருக்கின்றன. காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகத்துக்குப் பதிலாகச் சொறிவதற்கான கூருகிர் இருக்கிறது. கையின் சுட்டுவிரல் சிறுத்துப்போய், கட்டைவிரலும் மற்ற விரல்களும் கிளையை இடுக்கிப் பிடிக்கும் வகையில் விரிந்து நிற்கின்றன. வால் வெளியே தெரிவதே இல்லை. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உள்ளதால், இரவில் நெற்றிவிளக்கை அடித்தால் புதருக்குள் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள் அசையாமல் நிற்கும். ஆய்வாளர்கள் தேவாங்கைக் கணக்கெடுப்பதே பெரும்பாலும் இந்தக் கண்ணொளியைக் கொண்டுதான். ஏறத்தாழ கால் கிலோ எடையே கொண்ட இந்த விலங்கு கசப்பும் நெடியும் கொண்ட வண்டுகளையும் எறும்புகளையும் தயக்கமின்றித் தின்கிறது. தன் சிறுநீரைக் கைகால்களில் தேய்த்துக்கொள்ளும் வழக்கமும் இதற்கு உண்டு. அப்பூச்சிகளின் கடியிலிருந்து காத்துக்கொள்ளவே அவ்வாறு செய்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

இதன் பெயர் வரலாறு சற்றுச் சிக்கலானது, ஆனால் அறிந்திருக்க வேண்டியது. லின்னேயஸ் 1758-இல் இதை லெமூர் பேரினத்தில் சேர்த்து டார்டிகிராடஸ் என்று பெயரிட்டார். சென்னைப் பகுதியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1908-இல் ஆங்கெல் கப்ரேரா லோரிஸ் லிடெக்கேரியானஸ் என்னும் பெயரை இட்டார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள எல்லாத் தேவாங்குகளும் லோரிஸ் டார்டிகிராடஸ் என்ற ஒரே சிற்றினமாகவே கருதப்பட்டன. நம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய அட்டவணையிலும் அந்தப் பெயரே இருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில்தான் இரண்டு சிற்றினங்கள் என்ற கருத்து நிலைபெற்றது. அதன்படி டார்டிகிராடஸ் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கும் மலைப்பகுதிக்கும் மட்டுமே உரிய சிவந்த சிறு தேவாங்கு. தென்னிந்தியாவிலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் வாழும் சாம்பல் தேவாங்குதான் லிடெக்கேரியானஸ்.

இந்தப் பிரிப்பால் பாதுகாப்பின் கணக்கே மாறியது. எல்லாம் ஒன்று என்று எண்ணியவரையில், தென்னிந்தியச் சமவெளியில் பரவலாக இருக்கும் விலங்குகளின் எண்ணிக்கை இலங்கையின் மலைக்காட்டுத் தேவாங்கின் நெருக்கடியை மறைத்துக்கொண்டிருந்தது. பிரித்த பிறகு சிவந்த தேவாங்கு அருகிய இனமாகவும், சாம்பல் தேவாங்கு அச்சுறுநிலையை அண்மித்த இனமாகவும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் தனித்தனியே இடம்பெற்றன. சாம்பல் தேவாங்குக்குள்ளும் நான்கு துணையினங்கள் சொல்லப்படுகின்றன: இந்தியாவில் இரண்டு, இலங்கையில் இரண்டு. இந்திய வடிவங்களில் ஒன்று கிழக்கே உள்ள வறண்ட முட்காடுகளில் வாழும் சாம்பல் நிறத்தது; மற்றது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழும், உருவில் சிறியதும் செம்மை கலந்ததுமான மலபார்த் தேவாங்கு. இவ்விரண்டும் வாழும் காடுகள் முற்றிலும் வேறானவை என்பதால், என் கருத்தில், இவற்றின் நிலையை ஒரே வரியில் மதிப்பிடுவது போதாது. வறண்ட காட்டுத் தேவாங்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக மழைக்காட்டுத் தேவாங்கும் நன்றாக இருப்பதாகக் கொள்ள முடியாது.

கானமயிலுக்கு வருவோம். பெயரில் மயில் இருந்தாலும் மயிலோடு இதற்கு நெருங்கிய உறவில்லை. மயில் கோழியின் வரிசையில் வருவது. 1831-இல் விகர்ஸ் என்பவரால் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்ட கானமயில், நெடுங்காலம் கொக்குகளோடு சேர்த்து ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. நீண்ட கழுத்து, நீண்ட கால், தரையில் நடந்து மேயும் பழக்கம் ஆகியவை அப்படி எண்ண வைத்தன. மரபணு ஆய்வுகள் பெருகிய பிறகு வரகுக்கோழி, கானமயில் முதலியவை அடங்கிய ஓட்டிடிடே குடும்பத்துக்கெனத் தனி வரிசையே ஏற்பட்டது. குயில்களும் ஆப்பிரிக்காவின் டுராக்கோக்களும் அதற்கு அணுக்கமானவை என்று இப்போது கருதப்படுகிறது. இக்குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 26 சிற்றினங்கள் உண்டு. கானமயிலின் பேரினமான ஆர்டியோட்டிஸில் நான்கே சிற்றினங்கள்: ஆப்பிரிக்காவின் கோரி, அரேபிய இனம், ஆஸ்திரேலிய இனம், நம்முடைய ஆர்டியோட்டிஸ் நைக்ரிசெப்ஸ். தேவாங்கைப் போலத் துணையினக் குழப்பம் எதுவும் இதில் இல்லை. இருப்பது ஒரே வடிவம், அதுவும் விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்களில். இக்குடும்பப் பறவைகளுக்குக் காலில் மூன்று விரல்கள்தாம், பின்விரல் கிடையாது. ஆகையால் கிளையைப் பற்றி மரத்தில் அமர இயலாது. உண்பது, உறங்குவது, முட்டையிடுவது எல்லாம் தரையில்தான். தரையை விட்டால் இதற்குப் போக்கிடமில்லை.

இனிச் சட்டம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டன. முதல் அட்டவணை விலங்கைக் கொன்றாலோ பிடித்தாலோ குறைந்தது 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இந்தத் தண்டனை தேவாங்குக்கும் கானமயிலுக்கும் ஒன்றே. ஆனால் சட்ட அட்டவணையும் சிவப்புப் பட்டியலும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை அல்ல. மனிதர் இந்த விலங்கை எந்த அளவுக்குத் தொடக்கூடாது என்பதைச் சொல்வது அட்டவணை. இந்த இனம் அழிவுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை மதிப்பிடுவது சிவப்புப் பட்டியல். அதில் கானமயில் 2011 முதல் மிக அருகிய இனம், அதாவது காட்டில் முற்றாக அழிவதற்கு முந்தைய கடைசிப் படி. சாம்பல் தேவாங்கு அதற்கு மூன்று படிகள் கீழே நிற்கிறது. பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையிலும் கானமயில் கட்டுப்பாடு மிகுந்த முதல் பின்னிணைப்பில், தேவாங்கு இரண்டாவதில். வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பிலும் 2020-இல் காந்திநகரில் நடந்த மாநாட்டில் கானமயில் சேர்க்கப்பட்டது. முதல் அட்டவணையில் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆபத்தை அளப்பவர்கள் இவ்விரண்டையும் சமமாக எண்ணிவிடுகிறார்கள். கேள்விக்குள் இருக்கும் குழப்பமும் இதுதான்.

எண்ணிக்கையைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 1969-இல் ஏறத்தாழ 1,260 என்று மதிப்பிடப்பட்ட கானமயில்கள், 2018 அளவில் 150 என்ற நிலைக்கு வந்துவிட்டன. அவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானின் தார்ப் பாலையில். குஜராத்தின் கச்சில் அண்மை ஆண்டுகளில் எஞ்சியவை சில பெண் பறவைகளே. மஹாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் தக்காணப் புல்வெளிகளில் அரிதாக ஒன்றிரண்டு தென்பட்டால் அதுவே செய்தியாகிறது. தேவாங்குக்கு இப்படி ஒரு மொத்த எண்ணிக்கையைச் சொல்லிவிட முடியாது. இரவில் மட்டும் வெளிவரும், ஆள் அரவம் கேட்டால் அப்படியே உறைந்து நின்றுவிடும் விலங்கு அது. ஆகையால் கிலோமீட்டருக்கு எத்தனை தென்பட்டன என்ற விகிதத்தைக் கொண்டே அதன் நிலை மதிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் பகுதிகளின் முட்காடுகளும் அவற்றை ஒட்டிய வேலிகளும் தோப்புகளும் அதன் செறிவான வாழிடங்கள். பெங்களூரு நகருக்குள் இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்திலும் தேவாங்குகள் வாழ்கின்றன. மனிதரை ஒட்டி வாழ அதனால் முடிகிறது, கானமயிலால் முடியவில்லை.

இனப்பெருக்க வேகம் இன்னொரு பெரும் வேறுபாடு. பெண் தேவாங்கு ஏறத்தாழ ஓராண்டு வயதில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஐந்தரை மாதம் சுமந்து ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். இரட்டைக் குட்டிகள் அரிதல்ல. இரை தேடப் போகும் தாய் குட்டியைக் கிளையில் பற்றவைத்துவிட்டுச் சென்று விடியுமுன் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். பெண் கானமயில் முதிர்ச்சியடைய மூன்று நான்கு ஆண்டுகளாகும். பிறகும் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முட்டைதான், அதுவும் வெறுந்தரையில். நாயோ நரியோ மாட்டின் குளம்போ அதை அழித்துவிட்டால் அந்த ஆண்டு பெரும்பாலும் போனதுதான். இப்படி மெதுவாகப் பெருகும் பறவைக்கு வளர்ந்த ஒரு பறவையின் இறப்பே பேரிழப்பு.

அந்த இறப்புகளுக்கு இன்று முதன்மைக் காரணம் உயரழுத்த மின்கம்பிகள். தார்ப் பகுதியில் மட்டும் கம்பியில் மோதி ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கானமயில்கள் இறப்பதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. 150 பறவைகளில் ஆண்டுக்கு 18 என்றால் எந்தக் கணக்கிலும் அந்த இனம் நிலைக்காது. இவ்வளவு பெரிய பறவைக்குக் கம்பி ஏன் தெரிவதில்லை? இங்கேதான் வகைப்பாடு நேரடியாக உதவுகிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த கோரிப் பறவையின் பார்வைப் புலத்தை அளந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. தலையை 25 பாகை அளவுக்குக் கீழே சாய்த்தாலே, பறக்கும் திசை அதன் பார்வையிலிருந்து முற்றிலும் மறைந்துவிடுகிறது என்று அது காட்டியது. புல்வெளியில் பறந்தபடி கீழே துணையையோ இரையையோ தேடும் பறவை, தன் முன்னால் இருப்பதைப் பார்க்காமலே பறக்கிறது. ஆண் பறவை 15 கிலோ வரை எடை கொண்டது. கடைசி நொடியில் கம்பியைக் கண்டாலும் சட்டென்று திரும்ப அதனால் இயலாது. கம்பிகளில் பளிச்சிடும் தகடுகளைத் தொங்கவிடுவது ஓரளவே உதவுகிறது என்பதற்கும், கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததற்கும் காரணம் இதுவே.

அந்தக் கோரிக்கையை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் எம்.கே. ரஞ்சித்சிங், 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்ததில் பெரும்பங்கு வகித்த அதிகாரியும் அவரே. சட்டத்தை எழுதியவரே அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதன் முதல் அட்டவணைப் பறவைக்காக வழக்காட வேண்டி வந்தது என்பது அட்டவணையின் ஆற்றல் எவ்வளவு என்பதையும் சொல்கிறது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கம்பிகளைப் புதைக்க உத்தரவிட்டது. 2024 மார்ச்சில், சூரிய மின்னாற்றல் இலக்குகளையும் நடைமுறைச் சிக்கல்களையும் கருத்தில் கொண்டு அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. வேட்டைக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தால் மின்கம்பியைத் தண்டிக்க முடியாது.

தேவாங்கின் பகைகள் வேறு வகையானவை. மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் அதன் கண்ணையும் உடலையும் பயன்படுத்தும் மூடநம்பிக்கை, வளர்ப்புக்கெனப் பிடிப்பது, சாலையில் அடிபடுவது, கல்குவாரிகள், வேலியோர மரங்களை வெட்டுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் முதலிரண்டுக்கும் முதல் அட்டவணை நேரடியாகப் பொருந்துகிறது. மற்றவை வாழிடம் சார்ந்தவை. தேவாங்கால் கிளைக்குக் கிளை தாவ முடியாது. ஒரு கையால் அடுத்த கிளையைப் பற்றிய பிறகுதான் முந்தைய கிளையை விடும். ஆகவே சாலையின் இருபுறக் கிளைகளும் மேலே பிணைந்திருந்தால் கடந்துவிடும். பிணைப்பு அறுந்தால் தரையில் இறங்க வேண்டும், இறங்கினால் வண்டிச் சக்கரம் அல்லது நாய். சாலை விரிவாக்கத்தில் வெட்டப்படும் ஒரு வரிசைப் புளியமரமோ, கள்ளியும் வேலமும் பின்னிய வேலியோ அதற்கு ஒரு பாலம்.

எனவேதான் மரம் நடுவது என்ற பொதுவான நற்செயல் இவ்விரண்டுக்கும் எதிரெதிரான விளைவைத் தருகிறது. அறுந்த வேலியிலும் முட்காட்டின் விளிம்பிலும் அந்த மண்ணுக்கு உரிய மரங்களை நட்டால் தேவாங்குக்கு வழி கிடைக்கும். அதே வேலையைக் கானமயிலின் புல்வெளியில் செய்தால், தொலைவு வரை பார்வை எட்டும் திறந்த வெளியை நம்பி வாழும் பறவை அந்த இடத்தைக் கைவிட்டுவிடும்; சீமைக்கருவேலம் பரவிய புல்வெளிகளின் கதி இதற்குச் சான்று. இருந்தும் நில ஆவணங்களில் முட்காடும் புல்வெளியும் பெரும்பாலும் ஒரே தலைப்பில், தரிசு என்றுதான், பதிவாகின்றன. நாடு தழுவிய தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலத்துக்கு அந்த இடமே. உயிரினங்களின் வகைப்பாட்டைத் திருத்த அறிவியலாளர்கள் இரண்டரை நூற்றாண்டு உழைத்திருக்கிறார்கள். நிலத்தின் வகைப்பாட்டைத் திருத்தும் வேலை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. என்னைக் கேட்டால் இவ்விரண்டு இனங்களுக்கும் பொதுவான பிரச்சினை என்று இதை ஒன்றைத்தான் சொல்வேன்.

சரணாலயங்களின் அளவும் இதனோடு தொடர்புடையது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்த கடவூர் தேவாங்கு சரணாலயம், இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர், அதாவது 118 சதுர கிலோமீட்டர். சிறிய பரப்பில் வாழ்ந்து முடிக்கும் விலங்குக்கு இது பொருளுள்ள அளவு. மஹாராஷ்டிரத்தின் நான்னஜ் கானமயில் சரணாலயமோ 1979-இல் ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. ஊர்களும் வயல்களும் அதற்குள் அடங்கின, மக்களின் எதிர்ப்பு வளர்ந்தது, பரப்பு பின்னர் ஏறத்தாழ 1,222 சதுர கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் 1981-இல் அமைந்த கானமயில் சரணாலயத்தில் தங்கள் நிலத்தை விற்கக்கூட முடியாத மக்களின் கோபம் பறவையின் மீதே திரும்பியது. 1990-களில் பறவை அங்கிருந்து மறைந்தது. பின்னர் சரணாலயத் தகுதியும் நீக்கப்பட்டது. பருவத்துக்குப் பருவம் நெடுந்தொலைவு அலையும் பறவைக்குக் கோடு போட்டு எல்லை வகுப்பது கடினம். போட்ட கோட்டுக்குள் வாழும் மக்களை விலக்கி வைத்தால் அந்தக் கோடு நிற்பதில்லை.

கடைசியாக, காப்பிடத்தில் பெருக்குவது பற்றி. கானமயிலுக்கு அது வேறு வழியின்றி எடுத்த முடிவு. 2019 முதல் காட்டிலிருந்து முட்டைகள் கவனமாகச் சேகரிக்கப்பட்டு ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சாம், ராம்தேவ்ரா மையங்களில் பொரிக்கப்படுகின்றன. அங்கு வளர்ந்த பறவைகளே இணைந்து இட்ட முட்டையிலிருந்து 2023-இல் குஞ்சு வந்தது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரிந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை நம் அறிவியலாளர்கள் கற்றது அபுதாபியில், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹௌபாரா பறவையைப் பெருக்கிய அனுபவத்திலிருந்து. குயில் உறவு இதற்கு உதவாது. குடும்ப உறவு உதவியது. தேவாங்குக்கோ காட்டிலேயே போதிய எண்ணிக்கையும் போதிய பெருக்க வேகமும் இருப்பதால் இத்தகைய செலவு தேவையற்றது. பிடித்து அடைப்பதால் ஏற்படும் இழப்பே அதிகமாகும். மீட்கப்பட்ட தேவாங்குகளை எந்தத் துணையினம், எந்தக் காடு என்று உறுதிசெய்துகொண்டு அங்கேயே விடுவதுதான் அதற்கு வேண்டிய கவனம். மலபார்த் தேவாங்கைக் கடவூரில் விட்டால் இரு துணையினங்களும் கலந்துவிட இடமுண்டு. கானமயிலுக்கு மீதமிருக்கும் கடினமான கட்டம், மனிதக் கையில் வளர்ந்த பறவைகளைத் திறந்த வெளிக்கு அனுப்புவது. அவை போய்ச் சேரும் வெளியில் அந்த மின்கம்பிகள் இன்னும் நிற்கின்றன என்பதால், மையத்தில் குஞ்சு பொரிக்கும் வேகத்தைவிடக் கம்பியை அகற்றும் வேகமே அந்தத் திட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும்.